சிறுகலமும் பெருங்காற்றும்
(பாய்மரப் படகின் உறுதியை அறியும் முறை பற்றிய ஓர் ஆய்வு)

தமிழில் கடல் குறித்த ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. நெய்தல் திணையின் இரங்கல் பற்றியும், பரதவர் வாழ்வு பற்றியும், சோழரின் கடற்படை பற்றியும் அறிஞர் பெருமக்கள் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், கடலுக்குச் செல்லும் ஒருவன் நாள்தோறும் கரையில் நின்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் எளிய வினா ஒன்று உண்டு. 'இன்றைய காற்றை இந்தக் கலம் தாங்குமா?' என்பதே அது. இவ்வினாவிற்கு விடை காணும் வழியை நம் பழைய நூல்களின் துணையோடும், இக்காலத்து அறிவியலின் துணையோடும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெண்ணாடத்தில் இருந்துகொண்டு கடற்கலத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். நம்மூரை ஒட்டி ஓடும் வெள்ளாறுதான் சேத்தியாத்தோப்பையும் புவனகிரியையும் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. நம்மூர்ச் சிவன் கோவிலின் இறைவனுக்கே பிரளய காலேசுவரர் என்று பெயர். ஊழி வெள்ளத்தின் நினைவைப் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர் இது. வெள்ளாற்றின் மறுமுனையாகிய பரங்கிப்பேட்டையோ மரக்கலங்களால் வாழ்ந்த ஊர். வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தொடர்ந்து பாட உதவிய அபுல் காசிம் மரைக்காயர் அவ்வூரினர் என்பது தமிழ் மாணவர் அறிந்த செய்தி. மரைக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துப் பொருள் காண்பாரும் உளர். ஒரு காப்பியம் நிறைவுற வேண்டிய பொருள் கப்பலில் வந்தது என்றால், அக்கப்பல் கரை சேர்ந்ததா இல்லையா என்பது இலக்கிய வரலாற்றுக்கும் தொடர்புடைய வினாவே.

முதலில் வினாவையே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். 'இக்கலம் பாதுகாப்பானதா?' என்பது முழுமையான வினா ஆகாது. எந்தக் கடலில், எந்தக் காற்றில், எவ்வளவு சுமையோடு, எவர் கையில் என்பவை சேர்ந்தாலன்றி அதற்கு விடை கூற இயலாது. தமிழில் கலத்திற்கு வழங்கும் பெயர்களை நோக்கினால் இது விளங்கும். புணை, தெப்பம், மிதவை, ஓடம், அம்பி, பஃறி, தோணி, வள்ளம், நாவாய், வங்கம் எனச் சொற்கள் பெருகியது வெறும் சொல்வளத்தைக் காட்டுவதற்காக அன்று. ஆற்றைக் கடப்பதும், கழியில் உப்புச் சுமப்பதும், ஆழ்கடலில் செல்வதும் வெவ்வேறு பணிகள்; ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்கு உதவாது. திருவள்ளுவர் நாவாயைச் சான்றாகக் காட்டுவதும் இடனறிதல் என்னும் அதிகாரத்தில்தான்.

இன்று ஐரோப்பிய நாடுகளில் விற்கப்படும் உல்லாசப் படகுகளுக்கு இவ்வாறே வகுப்புப் பிரித்துள்ளனர். 1998 முதல் கட்டாயமாக்கப்பட்ட அம்முறையில் நான்கு வகுப்புகள் உண்டு. காற்றளவையில் 8ஆம் எண்ணுக்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையையும் தாங்குமாறு கட்டப்பட்டது முதல் வகுப்பு. 8ஆம் எண் காற்றும் 4 மீட்டர் அலையும் இரண்டாம் வகுப்பின் எல்லை. 6ஆம் எண் காற்றும் 2 மீட்டர் அலையும் மூன்றாவதற்கு. 4ஆம் எண் காற்றுக்கும் மிகச் சிறிய அலைக்கும் மட்டும் ஏற்றது நான்காவது. பயனுள்ள பகுப்பே; எனினும் அது படகு கட்டப்பட்ட நாளில் பெற்ற சான்று மட்டுமே. பத்தாண்டு வெயிலிலும் உப்பிலும் கிடந்த கயிற்றைப் பற்றி அச்சான்று ஒன்றும் சொல்லாது.

மாங்குடி மருதனார் காட்டும் வரிசை

கயிற்றைப் பற்றிச் சொல்லும் நூல் நம்மிடமே உள்ளது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், மதம் கொண்டு கட்டறுத்துத் திரியும் யானைக்குப் புயலில் சிக்கிய நாவாய் உவமையாகிறது. வகுப்பறையில் இதனை உவமை நயம் என்ற அளவில் கூறிக் கடந்துவிடுவதே நம் வழக்கம். ஆனால் அப்பகுதியில் அழிவு நிகழும் வரிசையைச் சற்று நின்று நோக்க வேண்டும். முதலில் இறுகக் கட்டிய வலிய கயிறுகள் அறுகின்றன. அடுத்து 'இதை' எனப்படும் பாய் பீறிப்போகிறது. பின்னர்க் 'கூம்பு' எனப்படும் பாய்மரம் அடியோடு முறிகிறது. அதன்பின் கலம் நங்கூரக் கல்லோடு பொருது சுழலில் அலைகிறது. பாட்டில் எங்கும் கலத்தின் உடல் பிளந்ததாகக் கூறப்படவில்லை. பலகை உடையுமுன்பே கலம் யானையைப் போல் கட்டுப்பாடு இழந்துவிட்டது. யானை தன்மேல் இருப்பவரை வீசி எறிவதையும் புலவர் சேர்த்தே காட்டுகிறார்.

இவ்வரிசை கற்பனையன்று என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 2018ஆம் ஆண்டு தனியொருவராக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் 'துரியா' என்னும் பாய்மரப் படகில் சென்றார். 1968-69இல் எங்கும் நில்லாது தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுகைலி' என்னும் படகின் மறுபடிவம் அது. அந்தச் சுகைலி நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அதன் நீளம் 32 அடி மட்டுமே. துரியா கோவாவில் கட்டப்பட்டது. 2018 செப்டம்பர் 21ஆம் நாள் தென்னிந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலில் துரியா உருண்டது, பாய்மரங்கள் முறிந்தன, டோமியின் முதுகெலும்பு அடிபட்டது. நகர இயலாது படுத்துக் கிடந்த அவரை மூன்றாம் நாள் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. துரியாவின் உடலோ மூழ்காமல் நிமிர்ந்தே மிதந்தது. மருதனார் சொன்ன வரிசைதான்: மரம் போயிற்று, மேலிருந்தவர் வீசப்பட்டார், உடல் நின்றது. அதே புயலில் அயர்லாந்துக்காரர் ஒருவரின் படகும் மரம் இழந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்க் ஸ்லாட்ஸ் என்பாரின் படகு அலையால் சாய்க்கப்பட்டும் மரம் இழக்காது பயணத்தைத் தொடர்ந்து, போட்டியை இரண்டாவதாக முடித்தது. டோமி மீண்டும் 2022ஆம் ஆண்டுப் போட்டியில் கலந்துகொண்டு 2023இல் இரண்டாம் இடம் பெற்றார் என்பதையும் இங்கே மகிழ்வோடு குறிப்பிட வேண்டும்.

ஆகவே படகைப் பார்க்கச் செல்பவர் பலகையின் வண்ணத்தை முதலில் பார்க்க வேண்டியதில்லை. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் கொக்கியிலும் வளையத்திலும் உராயும் இடங்கள் எப்படியுள்ளன? பாயின் ஓரத் தையல் விட்டிருக்கிறதா? பாய்மரத்தின் அடி பொருந்தியிருக்கும் குழியில் மரம் இற்றிருக்கிறதா? சுக்கானின் கீல் ஆடுகிறதா? இவ்வரிசையிலேயே பார்க்க வேண்டும். இறுதியில் பலகைக்கு வரலாம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்த நம் பகுதி மக்களுக்கு ஓசையால் விரிசலை அறியும் முறை புதிதன்று. கலத்தைச் சுண்டினால் நல்லது கணீரென ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளது மங்கி ஒலிக்கும். படகுத் தச்சரும் சிறு சுத்தியலால் பலகையையும் வங்கையும் தட்டிக்கொண்டே செல்வார். இற்ற மரமும் தன் ஓசையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழி அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' என்னும் பழைய நூலும் மரத்தின் குணங் குற்றங்களையும் கலத்தின் அளவுகளையும் பேசுகிறது. சோதிடமும் அதில் கலந்துள்ளது உண்மையே. அதை நீக்கிவிட்டுப் படித்தாலும் தச்சனின் கண் அந்நூலில் தெரியும்.

சாய்தலும் நிமிர்தலும்

கலத்தின் நிலைப்பாட்டிற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று அகலம், மற்றொன்று தாழ்ந்த கனம். அகன்ற படகு சாயத் தொடங்கும்போது சாயும் பக்கத்தில் நீரை மிகுதியாக அமுக்குகிறது. நீர் அதை மேலே தள்ளுகிறது. கரையில் நின்று ஏறுபவருக்கு அது மிக உறுதியாகத் தோன்றும். ஒடுங்கி ஆழ்ந்து, ஏராவின் அடியில் ஈயமோ இரும்போ தாங்கிய படகு ஏறியவுடன் சற்றுச் சாய்ந்து அச்சுறுத்தும். ஆனால் சாயச் சாய அதன் அடிக்கனம் ஊசலின் குண்டு போல அதை இழுத்து நிமிர்த்தும். கரையில் அஞ்ச வைத்த படகு கடலில் காக்கும். கரையில் நம்ப வைத்த படகு கவிழ்ந்தபின் அதே உறுதியோடு தலைகீழாகவே நின்றுவிடும். பலகை ஒன்று எந்தப் பக்கம் விழுந்தாலும் அப்பக்கமே உறுதியாகக் கிடப்பதை ஒப்பிட்டுக் கொள்க. எத்தனை பாகை சாய்ந்தபின் படகு நிமிர மறுக்கும் என்பதே கேட்கத்தக்க வினா. பெருங்கடலுக்குச் செல்லும் பாய்மரப் படகு 120 பாகைக்கு மேல் சாய்ந்தும், அதாவது பாய்மரம் நீருக்குள் சென்றபின்னும், மீள வல்லதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர்.

இவ்வறிவு இலவசமாக வந்ததன்று. 1979 ஆகஸ்டில் பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒட்டி நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. நடுவில் எழுந்த புயலில் போட்டியாளர் 15 பேர் இறந்தனர். 24 படகுகளை அவற்றில் இருந்தோர் கைவிட்டனர். அவற்றுள் மூழ்கியவை 5. எஞ்சிய 19 படகுகளும் பின்னர் மிதந்த நிலையிலேயே மீட்கப்பட்டன. மூழ்காத படகை விட்டுச் சிறு மிதவையில் இறங்கியோரில் சிலர் அம்மிதவையால் உயிரிழந்தனர் என்பது உள்ளத்தை உலுக்கும் செய்தி. மணிமேகலையில் கப்பல் உடைந்த பின் முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் தீவில் கரையேறும் சாதுவனை நாம் அறிவோம். மிதப்பதை விட்டுவிடலாகாது என்னும் கடலோடியின் அறிவு அக்கதைக்குள் இருக்கிறது.

அப்போட்டிக்குப் பின் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு உடையும் அலைகளைச் செலுத்திப் பார்த்தனர். கிடைத்த முடிவு எளிதில் நினைவில் நிற்பது. பக்கவாட்டில் வந்து உடையும் அலையின் உயரம் படகின் நீளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இருந்தால் சில படகுகள் கவிழ்ந்துவிடும். 60 விழுக்காட்டை எட்டினால் சோதித்த படகுகளுள் எதுவுமே தப்பவில்லை. நம் கரையில் 24 அடி வள்ளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7 அடி உயரத்தில் நுரைத்து உடையும் ஓர் அலை அதைப் பக்கவாட்டில் தாக்கினால் போதும். இங்கே 'உடையும்' என்பதையும் 'பக்கவாட்டில்' என்பதையும் அழுத்திப் படிக்க வேண்டும். உடையாத நீண்ட அலை 15 அடி உயர்ந்தாலும் வள்ளம் அதன்மேல் ஏறி இறங்கிவிடும். உடையும் அலைக்கும் அணியத்தை நேரே காட்டினால் பிழைக்க வழியுண்டு. கலத்தின் நீளம், சுக்கான் பிடிப்பவரின் கை ஆகிய இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை இச்சோதனை காட்டிற்று.

தளமிட்ட சிறு மீன்பிடி கலங்களுக்கு எளிய சோதனை ஒன்றும் உண்டு. அமைதியான நீரில், கட்டுக்கயிற்றைத் தளர்த்திவிட்டு, கலத்தைப் பக்கவாட்டில் ஆட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சென்று, மீண்டும் அதே இடத்திற்கு வர எத்தனை நொடி ஆகிறது என்று சில முறை எண்ணிச் சராசரி காண வேண்டும். அந்த நொடிக் கணக்கு கலத்தின் அகலத்தை மீட்டரில் குறிக்கும் எண்ணைவிடக் குறைவாயின் தொடக்க நிலைப்பாடு போதுமானது எனக் கொள்ளலாம். 3 மீட்டர் அகலக் கலம் 5 நொடி எடுத்து மெல்ல ஆடினால் அது சோம்பல். சோம்பல் கலம் ஒருநாள் திரும்பி வராது. சுமையை மேலே அடுக்க அடுக்க ஆட்டம் மெதுவாவதைக் கண்ணாலேயே காணலாம். அளவு மீறிய மயிற்பீலி அச்சை முறிக்கும் என்னும் வள்ளுவர் கருத்து எடையைப் பற்றியது. கடலிலோ எடையோடு அது வைக்கப்படும் உயரமும் சேர்ந்துகொள்கிறது.

கட்டுமரமும் தைத்த படகும்

மேலே கூறிய அளவுகோல்கள் எல்லாம் உள்ளீடற்ற உடலை உடைய கலங்களுக்கே. கட்டுமரம் இவற்றுக்கு அடங்காது. அதற்குள் நீர் நிறைய இடமே இல்லை. மேலேறும் அலை மரங்களின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, அதில் செல்வோர் அதைப் புரட்டி மீண்டும் ஏறிக்கொள்வர். காண்பவர் எல்லாரும் அஞ்சும் அக்கலம், மூழ்குதல் என்னும் ஒரே நோக்கில் பார்த்தால், பல விசைப்படகுகளினும் உறுதியானது. ஆனால் அதில் செல்பவன் நாள் முழுதும் நனைந்து காற்றில் நிற்கிறான். கலம் தாங்கும் நேரம் வரை அவன் உடல் தாங்காது. கலத்தின் பாதுகாப்பு வேறு, மனிதனின் பாதுகாப்பு வேறு என்பதற்குக் கட்டுமரத்தினும் தெளிவான சான்று இல்லை.

சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன்னர், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே மக்களையும் பொருளையும் ஏற்றிச் சென்றவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். கரையில் உடையும் அலைகளின் மேல் விழும்போது ஆணி அடித்த ஐரோப்பியப் படகு விறைத்து நின்று பிளந்துபோக, தைத்த படகு வளைந்து கொடுத்தது. விறைப்பே வலிமை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். வளைந்ததால் நீர் கசிந்தது என்பதும் உண்மை. இறைப்பதற்கென்றே படகில் ஆள் இருந்தான்.

கசிவைச் சிறிது என எண்ணலாகாது. அடித்தளம் 6 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள படகில் 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அதன் எடை ஏறத்தாழ 720 கிலோ. பத்துப் பேர் எடை! அதுவும் ஓரிடத்தில் நில்லாது, படகு சாயும் பக்கமே ஓடிச் சேரும் எடை. படகு நிமிர முயலும் ஒவ்வொரு முறையும் அது எதிர்ப்பக்கம் நின்று இழுக்கும். நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் வரலாற்றில் கடலோடிகள் இன்றளவும் நெகிழ்ந்து கூறும் நிகழ்ச்சி, துளைபட்டு நீர் புகுந்த கப்பலை முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் அடைத்துக் காத்தது என்பதாகும். புயலை அடக்கியதாகவோ அலையைத் தாழ்த்தியதாகவோ கதை அமையாமல் துளையை அடைத்ததாக அமைந்திருப்பது நம் கவனத்திற்குரியது. கடலோடி தன் அச்சத்தின் பெயரை அறிந்தவன். ஆண்டுதோறும் கலப்பற்று வேலையைத் தவறாது செய்வித்த பின்னரே அவன் நாகூருக்குக் கொடி கொண்டு செல்கிறான்.

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது பாயின் மேல் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இனிய காற்றில் முழுப் பாயோடு செல்லும் படகு, 45 கிலோமீட்டர் காற்றில் அதே பாயை விரித்தால் ஒன்பது மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபோது அடர்ந்த தலையுடைய முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும், தலை சிறுத்த பனை பல இடங்களில் நின்றதையும் கண்டோம். பாயைச் சுருக்குவது படகைப் பலாவிலிருந்து பனையாக்கும் செயலே. ஆகவே ஒரு படகைக் காணும்போது அதன் பாய் எவ்வளவு பெரிது என்பதைவிட, எவ்வளவு சிறிதாக்க இயலும், எவ்வளவு விரைவில் இயலும் என்பதே முதன்மை. பருமலை இறக்கப் பாய்மரத்தின் உச்சியில் கயிறு சிக்காமல் ஓட வேண்டும். தாமான் கயிற்றை முடிச்சிட்டுக் கட்டிவிடாமல், திடீர்க் காற்றில் நொடியில் விட்டுவிடுமாறு கையில் வைத்திருக்க வேண்டும். கட்டிவைத்த தாமானால் கவிழ்ந்த சிறு படகுகள் உலகெங்கும் உண்டு.

பாக் நீரிணையின் தமிழ்ப் படகோட்டிகள் இதற்கு வேறொரு வழியும் கண்டிருந்தனர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகள் பற்றி 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனைப் பதிவு செய்துள்ளார். படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை வைத்து, காற்று வரும் பக்கம் அதனை நீட்டி, ஆட்கள் அதன்மேல் சென்று அமர்ந்து தம் எடையால் படகைச் சமன் செய்தனர். இலங்கையில் பக்கமிதவை கட்டிய படகுகளில் செல்வோர், மிதவைக் கொம்பின்மேல் எத்தனை பேர் சென்று நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு 'ஒருவர் காற்று', 'இருவர் காற்று', 'மூவர் காற்று' என அளந்ததை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். பியூபோர்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த காற்றளவை, போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரிக்க இயலும் என்பதைக் கொண்டு அமைந்தது. இரண்டிலும் அளவுகோல் ஒன்றே: காற்று எவ்வளவு என்று கலத்தையே கேட்பது. மூவர் காற்று வீசும் நாளில் இருவரோடு புறப்பட்ட படகு, எவ்வளவு புதிய மரத்தால் கட்டப்பட்டிருப்பினும், பாதுகாப்பற்றதே.

காற்றின் திசையும் கணக்கில் சேரும். சோழமண்டலக் கரையில் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுவது. அலையை எழுப்பாது, ஆனால் பாய்மரம் முறிந்த படகை ஆழத்திற்குக் கொண்டு செல்லும். கொண்டல் கரையை நோக்கித் தள்ளும்; கரை சேர்க்கும் காற்றென மகிழ்வதற்கில்லை, உடையும் அலைக்குள் தள்ளுவதும் அதுவே. வாடையில் மழையும் சேரும்.

முகத்துவாரத்தில் நின்று பார்த்தல்

ஆழ்கடலைவிட ஆற்றுவாயே சிறுகலத்திற்குக் கொடியது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும். 2 மீட்டர் அலை இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். வெள்ளாறு போன்ற ஆறுகளின் வாயில் மணல்மேடு இருப்பது இயல்பு. ஐப்பசி, கார்த்திகையில் பெண்ணாடத்தில் நாம் காணும் வெள்ளமே இரண்டொரு நாளில் அங்கே விரைந்து வெளியேறுகிறது. எதிரே வடகிழக்குப் பருவ அலை வருகிறது. ஓட்டத்தை எதிர்த்து வரும் அலை குறுகி, செங்குத்தாகி, உடைகிறது. இங்கே மழை விட்டு வானம் வெளுத்துவிட்ட நாளிலும் அங்கே முகத்துவாரம் கொந்தளிக்கலாம்.

எனவே கரையில் நின்று கால் மணி நேரமாவது பார்க்க வேண்டும். அலைகள் கூட்டமாக வருபவை. சில சிறியவை கண்டு புறப்பட்டவரை அடுத்த கூட்டத்துப் பெரியவை எதிர்கொள்ளும். வானிலை அறிவிப்பில் '3 மீட்டர் அலை' என்று கேட்கும்போதும் இது நினைவிருக்க வேண்டும். அவ்வெண், உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனியோர் அலை அதன் இருமடங்கை நெருங்கவும் கூடும்.

இந்திய வானிலைத் துறை, கடலில் காற்று மணிக்கு 45 கிலோமீட்டரை எட்டும் என்னும் நிலையிலேயே மீனவருக்கு எச்சரிக்கை விடுக்கிறது. கடலூர், நாகப்பட்டினம், பாம்பன் முதலிய துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணுடையவை. 1, 2 தொலைவில் உருவாகியிருப்பதைக் குறிக்கும். 3, 4 அத்துறைமுகத்திற்கே உரிய எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 செய்தித் தொடர்பே அற்றுப்போனதைக் குறிக்கும். ஆனால் கூண்டு கரையில் நிற்பவனுக்கே தெரியும். 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக்கருகே ஒக்கி விரைந்து உருவானபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. தமிழகமும் கேரளமும் இழந்த மீனவர் பலர். நல்ல கலங்கள், தேர்ந்த கைகள். செய்தி மட்டும் சேரவில்லை. செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டது அதன் பின்னரே. இன்று ஒரு படகை மதிப்பிடுபவர் கயிற்றோடும் பாயோடும் அக்கருவி இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மதிப்பிடுபவர் யார் என்பதும் சிறிய செய்தியன்று. பனிக்கட்டி வாங்கியாயிற்று, எண்ணெய் நிரப்பியாயிற்று, முன்பணம் கொடுத்தவர் கரையில் நிற்கிறார். அந்நிலையில் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் கடன்பட்டவராகவே இருக்கிறார். தூத்துக்குடித் தோணிகளின் வழக்கம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அவை ஓடா. எவரும் நாள்தோறும் எண்ணித் துணிய வேண்டியதில்லை, எவரும் கோழை எனப் பெயரெடுக்க வேண்டியதுமில்லை. காலத்தின் பெயரால் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிட்டது. சிறு வள்ளங்களுக்கும் இத்தகைய எல்லையைக் கடல் அமைதியாக இருக்கும் நாளிலேயே, ஊர்க்கூட்டத்தில் வகுத்துக்கொள்வது நலம் என்பது நம் கருத்து. இத்தனை ஆளுக்குக் குறைந்தால் செல்வதில்லை, இன்ன எண் கூண்டு ஏறினால் செல்வதில்லை, முகத்துவாரத்தில் மேட்டின் முழு நீளமும் வெண்ணுரை கண்டால் செல்வதில்லை என்னும் அளவில் அது இருந்தால் போதும்.

சென்றபின் சிக்கிக்கொண்டால் செய்யத்தக்கது ஒன்று எஞ்சியுள்ளது. மருதனாரின் நாவாய் கல்லோடு பொருது அலைந்தது, கல் அடியைப் பற்றியிருக்கும்போது கலம் அலையோடு செல்ல இயலாமையால். ஆழ்கடலில் அடியைப் பற்றாத நங்கூரமே வேண்டும். பாயை இறக்கி, வலையையோ, கயிற்றில் கோத்த கட்டைகளையோ, வாய் அகன்ற துணிப் பையையோ அணியத்திலிருந்து நீளமாக விட்டால், நீர் அதைப் பிடித்துக்கொள்ளும். படகு மெல்லப் பின்வாங்கிக்கொண்டே அணியத்தை அலைக்குக் காட்டி நிற்கும், பக்கம் திரும்பாது. விடும் கயிறு குறுகியதாயின் ஒவ்வோர் அலையிலும் சொடுக்கி அறுந்துவிடும். படகின் நீளத்தைப்போல் பத்து மடங்கேனும் இருத்தல் நன்று. அக்கயிறு கட்டப்படும் தறி தளத்தை ஊடுருவி அடிமரம் வரை பொருத்தப்பட்டிருக்கிறதா, வெறும் மேற்பலகையில் அறையப்பட்டிருக்கிறதா என்பதைக் கரையிலேயே குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.